அசல் என்று எழுதிக் கொடுத்தேன்

என் மகளுக்குக் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்த நான்கு மாதமும், என் ஜோக்குகள் பழசாகிவிட்டன என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வயசுப் பிள்ளை. பெயர் ஜெனி. முன்பெல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிடுவாள். பிறகு சும்மா முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். சரி, இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள், ரசனை உயர்ந்துவிட்டது என்று நானும் சரக்கை உயர்த்தினேன். யானை ஜோக்கை விட்டுவிட்டுக் கணக்கு வாத்தியார் ஜோக்குக்கு மாறினேன். குரலை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் லுங்கியைத் தலையில் கட்டிக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று ஆடியபோது விழுந்து விழுந்து சிரித்தாள். ஆக, நமக்கு இனி ஆட்டத்தில்தான் எதிர்காலம் என்று முடிவு செய்தேன். பிள்ளை பார்த்துச் சிரிக்கிறாள், கேட்டுச் சிரிக்கவில்லை என்பது இந்த மண்டையில் ஏறவேயில்லை.

இது ஒரு அறிவியல் வாத்தியாரின் மண்டை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரதராஜன்பேட்டையில் வீடு, பக்கத்து ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்து மரபு விதிகளைக் கண்டுபிடித்த கத்தோலிக்கத் துறவியைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன். "நம்ம சாமியார்தாண்டா அவரு" என்று பெருமையும் அடித்துக்கொள்வேன். அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இதே நோயோடு எங்காவது ஒரு பிள்ளை இருக்கும், அதற்கு என்னைப் போல ஒரு அப்பனும் இருப்பான். அவன் படிக்கட்டும்.

ஜெனியின் பள்ளியிலிருந்து டைரியில் ஒரு வரி எழுதி வந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று. "அப்பன் மாதிரிதான்" என்றாள் என் மனைவி அமலா. சொன்னாளே தவிர, மறுநாளே ஜெயங்கொண்டத்தில் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் லீவு போட்டேன்.

அங்கே ஒரு கண்ணாடி அறை. பிள்ளையின் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். ஜெனி ஒவ்வொரு தடவையும் சரியாகத் தூக்கினாள். "பாத்தியா, நம்ம புள்ளைக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். பரிசோதிக்கிற தம்பி கொஞ்சநேரம் யோசித்தார். எழுந்து வந்து அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார். அதற்கப்புறம் கை எழும்பவில்லை. அவர் பொத்தானை அமுக்கும்போது புருவம் லேசாக ஏறுவதைப் பார்த்து அவ்வளவு நேரமும் சமாளித்திருக்கிறாள். பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் பாதிப் பாதி செய்தேன்.

"காது நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "காதுலேருந்து மூளைக்குப் போற நரம்புலதான் கோளாறு. வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

இல்லை என்றோம். அன்றைக்கு இல்லைதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது வேறு எதையெதையோ கூடவே கொண்டுபோனது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. பேச்சு மூக்கால் வந்தது. தலை சீவ சீப்பைத் தூக்கினாள், கை காது மட்டத்தோடு நின்றுவிட்டது. அரியலூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் ஓடினோம். "நாக்க நீட்டு பாப்பா" என்று சைகை காட்டினார். அவள் நீட்டிய நாக்கின் மேலெல்லாம் சிறுசிறு துடிப்பு. பாலாடையின் மேல் ஊதினால் நெளியுமே, அந்த மாதிரி. அவர் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "இப்பவே பெரம்பலூர் போயிடுங்க. வூட்டுக்குப் போயிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க" என்றார்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் வழி முழுக்க சிமெண்ட் லாரிகள். சைரன் அடித்தும் இடம் விட ரோட்டில் இடமே கிடையாது. அமலா பிள்ளையின் நெஞ்சில் கை வைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நான் டிரைவரிடம், "அண்ணே, லாரி மேல ஏத்திடுங்க, பரவால்ல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. பிறவிக் குணம்.

பெரம்பலூர் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம். பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள், அமலாவும் கூடவே போய்விட்டாள். வெளியே ஒரு பெண் பயிற்சி மருத்துவர் என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"எத்தனாவது கொழந்த?"

"ஒண்ணுதாங்க."

"சுகப் பிரசவமா?"

"ஆமாங்க."

"சொந்தமா, அசலா?"

சொந்தத்துக்குள் கட்டினால் சொந்தம், வெளியே கட்டினால் அசல். எங்கள் பக்கம் இதைக் கேட்காத ஆள் கிடையாது. உண்மை என்னவென்றால், அமலா என் தாய்மாமன் மகள். நான் "அசல்" என்றேன். எழுதிவைத்த தாளைக் காட்டினார், கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஜெனி வயிற்றில் இருந்தபோது, பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ் எல்லார் முன்னாலும் அமலாவைத் திட்டிவிட்டார். "வாத்தியாரக் கட்டியிருக்க, நீயும் படிச்சிருக்க, சொந்தத்துல கட்டினா புள்ளைக்கு ஆகாதுன்னு தெரியாதா?" அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அமலா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். இனி எந்தக் கவுன்டரிலும் அவளைத் தலைகுனிய விடமாட்டேன் என்று அன்றைக்கே எனக்குள் ஒரு சபதம். வீரன் பாருங்கள்.

ஒரு பொய்யை ஒருமுறை சொன்னால் போதும், மிச்சத்தை மருத்துவமனையே பார்த்துக்கொள்ளும். அந்தத் தாளிலிருந்து அடுத்த தாள், அதிலிருந்து கம்ப்யூட்டர், அங்கிருந்து இன்னொரு டாக்டரின் குறிப்பு. எங்கே பார்த்தாலும் பெற்றோர் உறவினர் அல்ல, உறவினர் அல்ல என்று என் கையெழுத்து முளைத்துக்கொண்டே போனது.

பரிசோதனைகள் ஆரம்பித்தன. தலையைப் படம் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். தசையில் மெல்லிய ஊசி குத்தி, உள்ளே ஓடும் மின்சாரத்தைத் திரையில் பார்த்தார்கள். அதற்கு நான்தான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை துள்ளியபோது குனிந்து காதோரம் ஒரு ஜோக் சொன்னேன். பாதியில்தான் உறைத்தது, யாருக்குச் சொல்கிறோம் என்று. மீதியைச் சொல்லி முடித்தேன். பாதியில் நிறுத்துவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த மின்சாரப் படம் ஒரு விஷயத்தைச் சொன்னது. இயக்க நரம்பணுக்கள் கெட்டுக்கொண்டிருக்கின்றன. வகுப்பில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். கையைத் தூக்கு என்று மூளை போடும் உத்தரவை முதுகுத்தண்டிலிருந்து தசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற செல்கள் அவை. தபால்காரர்கள் என்று வையுங்கள். கடிதம் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, வீட்டில் ஆளும் இருக்கிறார், தபால்காரர் படுத்துவிட்டார். விழுங்குவதற்கும் மூச்சு இழுப்பதற்கும் இதே தபால்தான்.

வியாழக்கிழமைகளில் திருச்சியிலிருந்து குழந்தைகள் நரம்பு டாக்டர் ஒருவர் வருவார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், குரலே எழுப்பாத அம்மா. முதல் வியாழன் அவர் எங்களை நிற்கவைத்துச் சொன்னார். "ரெண்டு வழியில யோசிக்கலாம். ஒண்ணு, பரம்பரையா வர்றது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பிழை ஒளிஞ்சிருந்து பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்திருக்கணும். சொந்தத்துல கட்டினவங்களுக்கு அது நடக்க வாய்ப்பு அதிகம்." கோப்பைப் புரட்டினார். "நீங்க அசல். காய்ச்சலுக்கு அப்புறம் வேகமா வந்திருக்கு. அதனால உடம்போட எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குதோன்னு பாக்குறேன். அதுக்கு மொதல்ல மருந்து குடுப்போம்."

ஒடுங்கு பண்பு. நான்கு கட்டம் போட்டு, நான்கில் ஒன்று என்று கரும்பலகையில் எத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன்! அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்தில் அமலா நின்றாள். ஆங்கிலத்தில் இருந்த கோப்பை அவள் படித்ததில்லை, டாக்டர் சொன்ன "நீங்க அசல்" அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, பார்வை கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிள்ளை மேல் இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கியது. என்னால் உட்கார முடியவில்லை. கீழே கேன்டீன், மேலே காத்திருக்கும் இடம், மறுபடி கீழே, லேப் வாசல், மருந்துக்கடை வாசல். காவலாளி அண்ணன் ஒருவர், "சார், லிப்ட் ஆபரேட்டர் வேலை காலியா இருக்கு, சேந்துக்குறீங்களா?" என்றார். நல்ல ஜோக். நான் சொல்லியிருக்க வேண்டியது. இதற்கிடையில் ஆசிரியர்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு நண்பர், குழந்தைகளுக்கு வரும் நரம்பு நோய் ஒன்றைப் பற்றியும் அதற்குக் கோடிக்கணக்கில் விலை போகும் ஊசியைப் பற்றியும் அனுப்பிவைத்தார். அதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்கான ரத்தப் பரிசோதனை முதல் நாளே போயிருந்தது. புதன்கிழமை முடிவு வந்தது. அது இல்லை.

ஓடிப்போய்க் கடலைமிட்டாய் வாங்கி வந்து காத்திருந்த எல்லாருக்கும் கொடுத்தேன். பயிற்சி மருத்துவருக்கும் ஒன்று நீட்டினேன். வாங்கிக்கொண்டு சொன்னார், "சார், அது இல்லன்னா, என்னன்னு எங்களுக்கு இன்னும் தெரியலன்னு அர்த்தம்." மிட்டாயைத் தின்னவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பாவம், சின்னப் பெண்.

அன்று மாலைக்குள் ஜெனியின் மூக்கில் உணவுக்குழாய் போட்டார்கள். முகத்தில் காற்றை அழுத்தித் தரும் முகமூடி மாட்டினார்கள். மூச்சுத் தசை தளர்கிறது என்றார்கள். இப்படியே போனால் வெள்ளி, சனியில் தொண்டைக்குள் குழாய் இறக்கி இயந்திரத்தில் போட வேண்டும். போட்டால் எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். சம்மதத் தாளை நீட்டினார்கள்.

இரண்டாவது வியாழன். டாக்டரம்மா வந்தார். கட்டில் ஓரத்தில் நின்று, மருந்து எதுவும் பலன் தரவில்லை என்பதைப் பார்த்தார். வெளியே வந்து மறுபடி முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். காது எப்போது, நாக்கு எப்போது, எது முதல். அந்த நேரம் பார்த்து என் மாமனார் படியேறி வந்தார்.

மாமா என் அம்மாவின் அண்ணன். தா.பழூர் பக்கம் நெல் விவசாயம். நடவு நேரம், அப்படியே போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறித் தூக்குவாளியில் ரசத்தோடு வந்திருந்தார்.

"பெரியவரே, நீங்க பாப்பாவுக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தாத்தாங்க. அமலா எம் பொண்ணு."

"உங்க குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல காது கேக்காம, கை வெளங்காம இருந்திருக்கா?"

"எங்க பக்கம் யாரும் கெடையாதுங்க. மாப்ள பக்கமும் கெடையாது. அடிச்சுச் சொல்வேன்."

"மாப்பிள்ளை பக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் இருமினேன். கண்ணைக் காட்டினேன். மாமா என்னைப் பார்த்து, "என்னா மாப்ள, தொண்டை சரியில்லையா? ரசம் இருக்கு" என்றார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "ஏங்க, மாப்ளயே எந் தங்கச்சி மவன்தான! நான் வெளியிலயா குடுத்தேன்?" என்றார்.

டாக்டரம்மா கோப்பைத் திறந்தார். அவர் எதையோ சந்தேகப்படுகிறார் என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. குரலை ஏற்றினார். "மூணு ஓலை வாசிச்சு, ஆயர்கிட்ட விலக்கு வாங்கி, முறைப்படி நடந்த கல்யாணங்க. வேணும்னா எங்க சாமியாரக் கேளுங்க!"

எங்கள் கோயில் வழக்கம் அது. கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள், அதற்கு ஓலை என்று பெயர். மாமன் மகளைக் கட்டுவது திருச்சபைச் சட்டப்படி தடை. ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், எழுதி விலக்கு வாங்க வேண்டும். "இவர்களிடையே உள்ள இரத்த உறவுத் தடைக்கு விலக்கு பெறப்பட்டுள்ளது" என்று பங்குச் சாமியார் மைக்கில் மூன்று தடவை வாசித்தார். ஊரே கேட்டது. ஒலிபெருக்கி கட்டியிருந்ததால் டீக்கடையில் இருந்தவர்களும் கேட்டார்கள். இந்த ஜில்லாவில் தெரியாதவர் என்றால் என் பிள்ளையைக் காப்பாற்ற வந்த டாக்டர் ஒருவர்தான்.

"இதுல அசல்னு இருக்கே" என்றார். "யார் சொன்னது?"

அமலா என்னைப் பார்த்தாள்.

"நாந்தாங்க" என்றேன்.

"சார் என்ன வேலை பாக்குறீங்க?"

"பத்தாவதுக்கு சயின்ஸுங்க."

"இப்ப என்ன பாடம் போகுது?"

பொய் சொல்ல ஒரு கணம் வாய் போனது. அடக்கினேன். "மரபியல்ங்க."

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கைப்பேசியை எடுத்து யாரிடமோ வேகமாகப் பேசினார். முதலில் காது, அப்புறம் நாக்கும் தொண்டையும், அப்புறம் கை, மூச்சு, பெற்றோர் அத்தை மகன் மாமன் மகள் என்று வரிசையாகச் சொன்னார். பேசிவிட்டு எங்களிடம் வந்தார்.

"ரத்தத்த மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புறோம். முடிவு வர வாரக்கணக்காகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. இன்னிக்கே பி-டூ வைட்டமின் ஆரம்பிக்கிறோம்."

வாய்ப்புண்ணுக்குக் கொடுப்பார்களே, அந்த மஞ்சள் மாத்திரை. "மேடம், என் மேல கோவம் இருந்தா நேரடியா திட்டிடுங்க" என்றேன்.

"திட்ட நேரம் இல்ல சார்" என்றவர், பொறுமையாக விளக்கினார். பிள்ளைகளுக்கு வரும் இயக்க நரம்பு நோய்களில் பல வகை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு வேறு மரபணு. ஒன்றில் நரம்பணுவைக் காக்கும் புரதம் சுரக்காது, இன்னொன்றில் மூச்சுத் தசைக்குப் போகும் நரம்பு முதலில் கெடும். பெரும்பாலானவற்றில் கெட்டதைத் திருத்த இன்னும் கஷ்டப்படுகிறார்கள். மிக அரிதான ஒரு வகை மட்டும் இப்படி: பி-டூ வைட்டமினைச் செல்லுக்குள் கொண்டுபோகும் கதவை எழுதி வைத்திருக்கிற மரபணுவில் எழுத்துப் பிழை. கதவு சரியாகத் திறக்காது. சாப்பாட்டில் வைட்டமின் இருக்கும், நரம்பணு பட்டினி கிடக்கும்.

கேட்டுக்கொண்டிருந்த மாமா சொன்னார், "புரியுதுங்க. மதகு அடைச்சிருக்கு. வாய்க்கால்ல கரை தட்டத் தட்டத் தண்ணி வுட்டா, சந்து பொந்துல கசிஞ்சாவது வயலுக்குப் போவும். அதான?"

"அதேதான் ஐயா" என்றார் டாக்டரம்மா. பதினேழு வருஷ அனுபவமுள்ள வாத்தியார் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

கிளம்பும்போது, "நானும் போன வாரம் உங்ககிட்ட வாயால ஒரு தடவ கேட்டிருக்கணும். எழுதினத நம்பிட்டேன்" என்றார். அது என்னைத் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

கரை தட்டத் தண்ணீர் விட வேண்டும் சரி, தண்ணீர் எங்கே? கடைகளில் கிடைத்தது மிகச் சிறிய அளவு மாத்திரை. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ கைநிறைய. பெரம்பலூரில் ஒவ்வொரு மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன். "இவ்ளோ வாய்ப்புண்ணா சார்?" என்று ஒருவர் கேட்டார். லப்பைக்குடிக்காட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பாய், காவலாளி அண்ணன் சொல்லிப் பழக்கம். இருந்த அட்டைகளையெல்லாம் வழித்துக் கொடுத்தார். "துபாய்ல பெரிய அளவு மாத்திரயாவே கெடைக்கும் சார். மச்சான் வெள்ளிக்கிழம வர்றாரு. இன்ஷா அல்லாஹ், பொட்டில போட்டுக் கொண்டாரச் சொல்றேன். நீங்க புள்ளயப் போய்ப் பாருங்க" என்றார். சொன்னபடியே வந்தது. அந்த மச்சானை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பில்களைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும் என்பதால் விட்டுவிடுகிறேன். மருந்துதான் அதில் மிகச் சின்ன வரி என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து மூக்குக் குழாய் வழியாக விடுவார்கள். நர்ஸம்மாவின் விரல், குழாய், படுக்கை விரிப்பு, கடைசியில் மூத்திரப் பை வரைக்கும் ஒரே மஞ்சள். முதல் நாள் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "வேலை செய்யுது, வேலை செய்யுது!" என்று கத்தினேன். "அது வெளிய வர்ற மருந்து சார். உள்ள போறது வேலை செஞ்சா அப்புறம் சொல்றோம்" என்றார் நர்ஸம்மா.

வெள்ளி போனது. சனியும் போனது. தொண்டைக் குழாய்க்கான சம்மதத் தாள் கையெழுத்தோடு தயாராக இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் மூச்சை எண்ணினார்கள். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்பார்கள். நான் மறுபடி லிப்ட் வேலைக்குத் திரும்பினேன்.

அமலா என்னோடு பேசவில்லை. ஞாயிறு மதியம் கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நானாகவே ஆரம்பித்தேன். அந்த நர்ஸ் திட்டியது, அவள் பஸ்ஸில் அழுதது, என் சபதம், எல்லாம் சொன்னேன். "ஒன்னய யாரும் கேவலமா பேசிடக் கூடாதுன்னுதான் அமலா."

"நான் கேவலமா இருக்குன்னு அழுதேன்னா நெனச்சீங்க?"

"பின்ன?"

"அந்தம்மா சொன்னது நெசமாயிடுமோன்னு பயந்து அழுதேன். ஏழு வருஷமா அவ தடுக்கி வுழுந்தாக்கூடப் பயந்தேன்." இட்லித் தட்டை நகர்த்திவைத்தாள். "எனக்குப் பயம் இருந்துச்சு மாமா. ஒங்களுக்கு மானம் இருந்துச்சு."

இதற்கு என்னிடம் ஜோக் எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தேடவும் இல்லை. என் தட்டில் இருந்த வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அவள் அதைத் தின்றாள். தின்றதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை, பசி என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் தின்றாள்.

அடுத்த புதன் காலை. சளியை இயந்திரம் வைத்து உறிஞ்சப் போன நர்ஸம்மா வெளியே எட்டிப் பார்த்து, "அம்மா, பாப்பா தானா இருமிடுச்சு" என்றார். அமலா எழுந்து உள்ளே ஓடினாள். என்னை உள்ளே விடவில்லை. ஒரு இருமலுக்கு இவ்வளவு மதிப்பு என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே நின்று நானும் இருமிக் காட்டினேன். காவலாளி அண்ணன் வந்து, "சார், மாஸ்க் போடுங்க" என்றார்.

அதற்கப்புறம் ஒரேயடியாக எதுவும் நடக்கவில்லை. முகமூடி இல்லாமல் அரை மணி. மறுநாள் ஒரு மணி. ஒருநாள் மறுபடி முழு நாளும் மாட்டினார்கள், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இருபதாம் நாள் வாக்கில் ஸ்பூனில் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். இறங்கியது. மூக்கு வழியாக வரவில்லை. அமலா அந்த ஸ்பூனைக் கழுவாமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தாள். கை மட்டும் கடைசியில் வந்தது. முகமூடியைத் தானே பிடுங்கி எறிவதற்காகத் தூக்கினாள், நர்ஸம்மா சந்தோஷத்தில் திட்டினார்.

ஐந்து வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். காது மட்டும் எங்களோடு வரவில்லை. பேச்சை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள், மிச்சத்தை நோட்டில் எழுதிக் காட்டச் சொல்கிறாள். உள்காதில் கருவி வைத்தால் பலன் கிடைக்கலாம் என்று சென்னைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் மருந்து மூன்று வேளை, ஆயுசுக்கும். ஒரு வேளையும் விடக் கூடாது.

பரிசோதனை முடிவு பிறகுதான் வந்தது. அந்தக் கதவு மரபணுதான். நீண்ட புத்தகத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. ஜெனிக்கு இரண்டு பிரதியிலும் அதே பிழை. எனக்கு ஒன்றில், அமலாவுக்கு ஒன்றில். ஒரு நல்ல பிரதி இருந்ததால் எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாமல் ஓடிவிட்டது. எங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தா வீட்டிலிருந்து அது மாமா வழியாக அவளுக்கும் என் அம்மா வழியாக எனக்கும் இறங்கியிருக்கிறது. தாத்தா சொத்தில் அம்மாவுக்குப் பங்கே தரவில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சமமாகத்தான் தந்திருக்கிறார். மாமாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

இப்போது மாதம் ஒரு வியாழன் பெரம்பலூர் போகிறோம். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று போகிறேன். ஒவ்வொரு தடவையும் அது வழியில் ஒரு ஜோக்காக மாறிவிடுகிறது. அவரும் எழுதிக்கொண்டே, "ம்" என்பார்.

போன வியாழன், ஜெனியை எடை பார்க்க நர்ஸம்மா கூட்டிப் போனார். அமலாவும் போனாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். ஜோக் ஏதாவது வருவதற்குள் கேட்டுவிட்டேன்.

"மேடம், மொத வியாழக்கிழமையே நான் சொந்தம்னு சொல்லியிருந்தா, அந்த ஒரு வாரம் முன்னாடியே மருந்து ஆரம்பிச்சிருந்தா, புள்ளைக்குக் காது திரும்பியிருக்குமா?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடினார். என் முகத்தைப் பார்த்தார்.

"தெரியாது சார்."